நின்ற வாசல் தட்டு

எங்கள் ஊரின் வரலாறு கேட்டு யாராவது வந்தால், கோயிலின் தெற்குச் சுவருக்கு அழைத்துப் போய்க் கல்வெட்டைக் காட்டுவார்கள். சோழ ராணி ஒருத்தி விளக்கெரிக்க நிலம் எழுதி வைத்தாள். மராத்திய ராஜா ஒருவர் சத்திரம் கட்டினார். வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவர் குதிரையிலிருந்து இறங்கி நின்று தேரைப் பார்த்து வாயைப் பிளந்தார். ஊர் வரலாறு அத்தோடு முடிந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள் யார், தேர்ச் சக்கரத்துக்கு அடியில் கையைக் கொடுத்தவர்கள் யார் என்று எந்தக் கல்லும் சொல்லாது. எனக்கு அதில் நிறைய ஆத்திரம் உண்டு. ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று பிள்ளைகள் சொல்வார்கள். இப்போது என் அம்மா தேருக்குத் தட்டு நீட்டிய கதையை மட்டும் சொல்கிறேன்.

தட்டு நீட்டுவதெல்லாம் ஒரு கதையா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் அது கதைதான்.

அப்பா கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அதைவிட முக்கியமாக, திராவிடக் கட்சியின் ஊர்க் கிளைக்குச் செயலாளராக இருந்தார். கறுப்பு சிவப்புக் கரை போட்ட துண்டு தோளில் இல்லாமல் அவரை நான் பார்த்ததே குளிக்கும்போதுதான். சாமி கிடையாது, சாதி கிடையாது, சாஸ்திரம் கிடையாது. கல்யாணம்கூடப் புரோகிதர் இல்லாமல், மைக் வைத்து, மாலை மாற்றி நடந்ததுதான். இவ்வளவையும் வைத்துக்கொண்டு மனிதர் குடியிருந்தது எங்கே? தேர் ஓடுகிற தெற்கு வீதியில், தாத்தா கட்டிய வீட்டில்!

பங்குனியில் தேரோட்டம். நாலு வீதியிலும் வீட்டுக்கு வீடு கோலம் போட்டு, தேங்காய் பழத் தட்டோடு தம்பதியாக நிற்பார்கள். எதிரே ஜவுளிக்கடை வைத்திருந்த பாய்கூட, வடம் இழுப்பவர்களுக்கு அண்டா நிறைய நன்னாரி சர்பத் கரைத்து வைப்பார். எங்கள் வீட்டுக் கதவு மட்டும் ஒருக்களித்துச் சாத்தியிருக்கும். அப்பாவுக்கு யார் மனதையும் நோகடிக்கப் பிடிக்காது. கும்பிடவும் முடியாது. அதனால் தேரன்று முதல் பஸ்ஸைப் பிடித்துக் கட்சி வேலை என்று சொல்லித் திருப்பனந்தாளுக்குப் போய்விடுவார். மடம் இருக்கிற ஊருக்குப் போய் நாத்திகத்தைக் காப்பாற்றிக்கொண்டவர் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே எங்கள் அப்பா ஒருவர்தான்.

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்பாள். தேர் எங்கள் வாசலைத் தாண்டும்போது நெற்றியைக் கம்பியில் அழுத்திக்கொள்வாள். வேடிக்கை பார்க்க ஆசை, பாவம், என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்த வருஷம், தை மாதம், அப்பா கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பார்த்து இருக்கணும் என்றார் டாக்டர். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா முன் சீட்டில் தூங்க, அம்மா என் காதருகில் குனிந்து அழுதுகொண்டே சொன்னாள். இந்தி எதிர்ப்பில் அப்பாவைப் பிடித்துத் திருச்சி ஜெயிலில் போட்டிருந்தபோது, துப்பாக்கிச் சூடு என்று ஊரெல்லாம் பேச்சு. ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. அப்போது இவள் கோயில் கோபுரத்தைப் பார்த்து நின்று வேண்டிக்கொண்டிருக்கிறாள்: "அவர உசுரோட குடுத்துடு. ஒந் தேரு எங்க வாசலுக்கு வர்றப்ப அவரையும் பக்கத்துல நிக்க வச்சுத் தட்டு நீட்டுறேன்."

அப்பா வந்துவிட்டார். தட்டு நீட்டப்படவில்லை. எப்படி நீட்டுவாள்? பக்கத்தில் நிற்க வேண்டிய ஆள்தான் திருப்பனந்தாளில் டீ குடித்துக்கொண்டிருப்பாரே!

"அரசன் அன்னிக்கே கேப்பான், தெய்வம் நின்னு கேக்கும்பாங்க. இப்பக் கேக்குது பாப்பா. அவரு நெஞ்சுல வந்து கேக்குது" என்றாள்.

"அப்பாகிட்ட நான் சொல்றேம்மா" என்றேன்.

"சொன்னீன்னா ஒங்கூடப் பேசவே மாட்டேன். கட்சியில நாலு பேரு அவரப் பாத்துச் சிரிக்கவா?"

அன்றிலிருந்து அம்மா சரியாகத் தூங்கவில்லை. இரவில் எழுந்து வந்து அப்பாவின் மூக்கருகில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். நான் தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொள்வேன்.

அந்த வருஷம் ஊரும் சரியில்லை. கட்சி ஆட்சிக்கு வந்த புதிது. சம்பா அறுவடையில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு முழுக்கச் சிவப்புக் கொடி. மிராசுதார்கள் லாரி வைத்து வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார்கள். ஒரு வைக்கோல் போர் எரிந்தது. ஒரு குடிசையும் எரிந்தது. வைக்கோல் போருக்கு மட்டும் போலீஸ் வந்தது. என் அப்பா பாடு இரண்டு பக்கமும் இடி. மிராசுதார்கள் அவரைச் சிவப்புக்காரன் என்றார்கள். சங்கத்துக்காரர்கள் அவரை ஆளுங்கட்சி, நம்பாதே என்றார்கள். ஆனாலும் ஏதாவது என்றால் இரண்டு பக்கமும் எங்கள் வாசலுக்குத்தான் வந்து நிற்கும். தேரன்று ஊரைவிட்டு நகரக் கூடாது என்று தாசில்தாரே அப்பாவிடம் சொல்லிவிட்டார். திருப்பனந்தாள் பஸ் அவரில்லாமல் போனது.

எங்கள் ஊர்த் தேரில் யாருக்கு என்ன என்று பிரித்து வைத்திருந்தார்கள். வடம் பிடிப்பது மிராசுதார்களும் நாலு வீதிக்காரர்களும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவதும் பின்னாலிருந்து நெம்புவதும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். கட்டை சரியாக விழுந்தால் தேர் திரும்பும், நிற்கும். விழாவிட்டால் கட்டை போட்டவன் கால் போகும். கட்டை போடுகிறவர்களில் மூத்தவருக்கு இடது காலில் இரண்டு விரல் கிடையாது. உயிரைக் கொடுத்து ஓட்டலாம், ஆனால் வடத்தைத் தொடக் கூடாது. நன்றாயிருக்கிறதல்லவா நியாயம்!

தேர் கிழக்கு வீதியிலிருந்து திரும்பித் தெற்கு வீதிக்குள் அசைந்து அசைந்து வந்தது. நானும் அம்மாவும் ஜன்னலில் நின்றோம். அப்பா உள்ளே நாற்காலியில் பேப்பர் படித்தார். படித்தார் என்பது சும்மா. பேப்பர் தலைகீழாக இல்லை, அவ்வளவுதான். சரியாக எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் கட்டை விழுந்தது. முன் சக்கரம் இரண்டுக்கும், பின் சக்கரம் இரண்டுக்கும். தேர் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. கட்டை போட்டவர்கள் துண்டை உதறி விரித்துச் சக்கரத்தின் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"வடத்துல எங்க கையும் படணும். கூலிக்குப் பேச்சு நடக்கணும். அதுவரைக்கும் கட்டைய எடுக்க மாட்டோம்" என்றார் விரல் போனவர்.

அப்பா வெளியே ஓடினார். "ஏண்ணே, இத்தினி வாசல் இருக்கே, என் வாசல்தானா கெடச்சுது?"

"கோச்சுக்காதண்ணே. வேற வாசல்ல நிறுத்துனா இந்நேரம் போலீசு தடியத் தூக்கியிருக்கும். ஒன் வாசல்ல அடிக்க மாட்டானுவ. ஆளுங்கட்சி வாசல்" என்றார் அவர்.

"அட படுபாவிங்களா! ஒரு வார்த்த கேக்கக் கூடாது?"

"கேட்டா வேணாம்னிருப்ப."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பித் தாசில்தாரோடு நின்ற போலீஸ்காரர்களைப் பார்த்தார். அவர்கள் உண்மையிலேயே தடியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு பாய் கடைச் சர்பத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் கணக்குப் போட்டு நிறுத்தியவர்கள் ஒன்றை மறந்துபோனார்கள். எங்கள் ஊரில் தேர் வழக்கமாக நிற்கிற இடம் தவிர வேறு வாசலில் நின்றுவிட்டால், சுவாமி அந்த வீட்டை விரும்பி நின்றதாகப் பேச்சு. அந்த வீட்டுத் தம்பதி ஒன்றாக வந்து தட்டு நீட்டி, அர்ச்சனை ஆன பிறகுதான் வடத்தைத் தொடுவார்கள். நின்ற வாசல் தட்டு என்று அதற்குப் பெயர். நாலு வீதியிலும் தட்டே நீட்டாத ஒரே வீட்டின் முன்னால் கொண்டுவந்து தேரை நிறுத்தியிருக்கிறார்கள், புண்ணியவான்கள்! எனக்கு இது உறைத்துத் திரும்பினால், அம்மாவைக் காணோம். கொல்லையில் கிணற்று வாளி இறங்கும் சத்தம் கேட்டது.

வெளியே பேச்சு நீண்டது. பெரிய மிராசுதார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். "ராஜா காலத்துலேருந்து வர்ற வழக்கம் தம்பி. வடம் யாரு புடிக்கணும்னு இருக்கில்ல?"

"அந்த வடம் என்ன நாரு? தேங்கா நாரு. ஊற வச்சு, அடிச்சு, திரிச்சுக் குடுத்தது அவங்க வீட்டுப் பொம்பளைங்க. திரிக்கிறப்ப இல்லாத தீட்டு புடிக்கிறப்ப எங்கேருந்துங்க வருது?" என்றார் அப்பா.

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நாலு வீதிக்காரர்களிலேயே சிலர் சிரித்தார்கள். மிராசுதார் சிரிக்கவில்லை. தேர் மேலிருந்து குருக்கள் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "சுவாமிக்கு உச்சிக்கால நைவேத்தியம் ஆகலை! நானும் காத்தாலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கலை! ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணுங்கோ, புண்ணியமாப் போகும்!"

பொழுது சாய்வதற்குள் தேர் நிலைக்குப் போய்ச் சேராவிட்டால் ஊருக்கு ஆகாது என்பார்கள். நிலை என்பது வருஷமெல்லாம் தேர் நிற்கிற கொட்டகை. அதற்கு இன்னும் இரண்டு வீதி இருந்தது. மிராசுதார் நிழலைப் பார்த்தார், தேரைப் பார்த்தார், தாசில்தாரைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். மிராசுதார் லேசுப்பட்டவர் இல்லை.

"சரி தம்பி. வடத்துல ஒரு பக்கம் அவங்க புடிக்கட்டும். கூலி விஷயத்த நாளைக்குத் தாலுக்கா ஆபீஸ்ல உக்காந்து பேசுவோம். எங்க வழக்கத்த நாங்க விட்டுக் குடுத்தாச்சு. இப்ப ஒங்க கொள்கைய நீங்க விட்டுக் குடுங்க. நின்ன வாசல் தட்டு வரட்டும். தம்பதியா வரட்டும்."

அப்பாவின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க மேடை போட்டுப் பேசியதை இந்த நடுத்தெருவில் கழற்றிப் போடச் சொல்கிறார். போடாவிட்டால் வடம் அவர்கள் கைக்குப் போகாது. எனக்கு அந்த மிராசுதாரைப் பிடித்துத் தள்ளலாம் போலிருந்தது.

விரல் போனவர் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்ண்ணே. எங்களுக்காவ நீ கொள்கைய விடாத. நாங்க நாளைக்கும் ஒக்காந்திருப்போம், நாளான்னிக்கும் ஒக்காந்திருப்போம். ஒக்காந்து பழக்கந்தான்."

அப்போது அம்மா வாசற்படிக்கு வந்தாள். ஈரத்தலையை முடிந்து, நல்ல புடவை கட்டி, கையில் தட்டு. தேங்காய், பழம், வெற்றிலை, சூடம். எங்கள் வீட்டில் சூடமா என்று நான் திகைத்தேன். துவரம்பருப்பு டப்பாவுக்குள் இருந்ததாம்.

"நீ உள்ள போ. நான் பேசிக்கிறேன்" என்றார் அப்பா.

"ஏங்க, ஒரு நிமிஷம் இப்படி வாங்க."

கதவுக்குப் பின்னால் நான், அம்மா, அப்பா மட்டும். அம்மா தட்டைக் கீழே வைக்கவில்லை. பிடித்துக்கொண்டே திருச்சி ஜெயிலைச் சொன்னாள், வேண்டுதலைச் சொன்னாள். தையில் வந்த நெஞ்சுவலி வரைக்கும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

"எனக்காகவா வேண்டிக்கிட்ட?" என்றார் அப்பா.

"பின்ன எதுத்த வீட்டுக்காரருக்காகவா?"

"இத்தினி வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வந்து நின்னுடுவீங்க. அது எனக்குத் தெரியாதா? நின்னுட்டு அப்புறம் வெளியில தல நிமிந்து நடக்க மாட்டீங்க. அதான் சொல்லல." தட்டை விடாமல் தோளிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இனிமே என்னால முடியலீங்க. ராத்திரி நீங்க ஒருக்களிச்சுப் படுத்தாக்கூட எனக்குப் பகீர்ங்குது. ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் இருக்க மாட்டேன்."

அப்பா துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தார். அந்தக் கரை போட்ட துண்டால்தான். பிறகு அவள் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். கூட்டத்தைப் பார்த்து, மேடையில் பேசுவது மாதிரியே சொன்னார்: "நிக்கிறேன். ஒங்க வழக்கத்துக்காக இல்ல, என் பொண்டாட்டிக்காக நிக்கிறேன். கும்பிட மாட்டேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். சம்மதமா?"

"நின்னாப் போதும்" என்றார் மிராசுதார்.

நின்றார். கையை மார்பில் கட்டிக்கொண்டு, கோபுரத்துக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு. அம்மா பக்கத்தில் நின்று தட்டை உயர்த்தினாள். தேரின் படியில் நின்ற பரிசாரகர் வாங்கி மேலே கொடுத்தார். குருக்கள் குனிந்து கேட்டார்: "யார் பேருக்கு? பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கோ."

அப்பா வாயைத் திறக்க மாட்டேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டார். அம்மாவோ, புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்புகிற ஜாதி. ரேஷன் கடையில் கேட்டால்கூட என் முதுகில் இடித்து என்னைச் சொல்ல வைப்பாள். "பேரு வச்சிருக்கிறது கூப்பிடத்தான். நீ என்ன எனக்கு அடிமையா? ஒரு தடவ பேரச் சொல்லு, போதும்" என்று அப்பா கல்யாணம் ஆன நாளிலிருந்து கெஞ்சாத குறை. பெண் உரிமை பற்றி அவர் பேசி முடித்ததும் அம்மா, "சரிங்க, சாப்புட வாங்க" என்பாள்.

நான் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "தம்பதியில ஒருத்தர்தான் சொல்லணும் குழந்தே" என்று குருக்கள் என்னை அடக்கிவிட்டார். மிராசுதார் மீசையைத் தடவினார். அப்பாவின் தாடை இறுகியது. சொல்லிவிடப் போகிறார், அவளுக்காக அதையும் செய்துவிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் உதடு பிரிவதற்குள் அம்மா நிமிர்ந்து, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் அப்பாவின் பெயரைச் சொன்னாள். முழுப் பெயர். அவர் அப்பா வைத்த சாமி பெயர் இல்லை, கட்சியில் சேர்ந்து அவராக மாற்றி வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர்.

"அனுஷம்" என்றாள் அடுத்து.

அப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டார். அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலே மணி அடித்தது, தேங்காய் உடைந்தது, குருக்கள் அந்தச் செந்தமிழ்ப் பெயரைச் சமஸ்கிருதத்துக்கு நடுவில் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார். அப்பா எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. கட்டைகள் எடுக்கப்பட்டன. விரல் போனவர் முன்னால் போய் வடத்தைத் தொட்டார். உடனே பிடிக்கவில்லை. உள்ளங்கையை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். அவர் பின்னால் அவர்கள் தெருவே வந்தது. தேர் கிளம்பியபோது எழுந்த சத்தம் போல நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மறுநாள் தாலுக்கா ஆபீஸில் கூலிப் பேச்சு இழுபறியாகத்தான் முடிந்தது. அந்தச் சண்டை இன்னும் பல வருஷம் நடந்தது. அது வேறு கதை, அதில் அழுகை அதிகம்.

தேர் நிலைக்குப் போய்ச் சேர்ந்த வெடிச் சத்தம் கேட்டபோது சாயங்காலம். அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பா வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அனுஷம்னு ஒனக்கு யாரு சொன்னா? எனக்கே தெரியாதே" என்றார்.

"ஒங்க அம்மாவக் கேட்டேன். கல்யாணம் ஆன மாசமே."

"கேட்டு என்ன பண்ணுன?"

"என்ன பண்ணுவேன்? மாசா மாசம் அனுஷத்தன்னிக்கு ஒரு பாயசம் வைப்பேன். என்ன விசேஷம்னு கேப்பீங்க. வெல்லம் மிஞ்சிக் கெடந்துச்சுன்னு சொல்லுவேன். ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சுட்டுக் கடைக்குப் போவீங்க."

"அத்தனையும் சாமிக்குப் படைச்சதா?"

"பின்ன, படைக்காமயா குடுப்பேன்?"

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் துண்டை எடுக்கவில்லை. அம்மா அவர் முழங்காலில் கை வைத்தாள்.

"அடுத்த அனுஷம் என்னிக்கு?" என்றார், துண்டுக்குள்ளிருந்தே.

"இன்னும் அஞ்சு நாள்ல."

"வீட்டுல வெல்லம் இருக்கா?"